எண்பது தாள்கள்

பிப்ரவரி 9

மிளகின் அப்பாவுக்கு,

நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அதற்குக் கடிதம் எவ்வளவோ மேல் என்று போன மாதம் சொன்னீர்கள். சொன்னதோடு சரி, எழுதவில்லை. எப்போதும் போல நான்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் எனக்கு முதலாண்டுப் புள்ளியியல் வகுப்பு. அறுபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் வேறு பாடம் கிடைக்காததால் இங்கே வந்தவர்கள். நான் இருப்பது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா என் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஒரு ஆள் சாப்பிடற சாப்பாடா? பூனைகூட இதைவிட அதிகமா சாப்பிடும்" என்கிறார். நல்ல மனுஷி.

போன வாரம் வகுப்புக்கு ஒரு துணிப்பை நிறையப் பாசிமணி கொண்டுபோனேன். வெள்ளையும் சிவப்பும் கலந்தது. ஒவ்வொருவரும் பார்க்காமல் பத்து மணி எடுத்து, சிவப்பு எத்தனை என்று எண்ணி, பலகையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மணிகளைத் திருப்பிப் போட வேண்டும். புள்ளிகள் சேரச் சேர நடுவில் மேடு கட்டியது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நான் சொன்னேன்: "வாழ்க்கையில் நமக்கு ஒரு பிடிதான் கிடைக்கும். மற்ற பிடிகளெல்லாம் நடந்திருக்கக்கூடியவை, ஆனால் நடக்காதவை. அவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற இந்த உருவத்துக்குத்தான் மாதிரிப் பரவல் என்று பெயர்." சொல்லி முடித்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வந்ததால் தலைசுற்றல் என்று சமாளித்தேன்.

உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். தெரிந்த கதையானாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என்னால் எழுதி முடிக்க முடிகிறது.

ஊரில் 4,800 குழாய் இணைப்புகள். ஆய்வுக்கூடத்தில் அறுபது பாட்டில் தண்ணீர்தான் சோதிக்க முடியும் என்றார்கள். அதனால், அப்போது புள்ளியியல் ஆபீஸில் இருந்த நான், எண்பது வீட்டுக்கு ஒரு வீடு என்று திட்டம் போட்டேன். ஒன்று முதல் எண்பதுவரை சீட்டு எழுதி, ஒன்றை எடுத்து, அந்த எண்ணில் தொடங்கி எண்பது எண்பதாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியது. சீட்டை நான் எடுக்கக் கூடாது, எந்த வீடுகள் வந்தன என்று எனக்குத் தெரியவும் கூடாது, முடிவுகள் வெறும் வரிசை எண்ணோடு என்னிடம் வந்தால் போதும் என்று விதி எழுதியதும் நான்தான். நம் வீடும் அந்த ஊரில்தானே இருக்கிறது, மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை. அறுபது பாட்டிலும் சுத்தம் என்று வந்தது. ஊர்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டாம் நாள் நம் குழந்தை மிளகுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி, அதோடு முடிந்தது.

சாக்கடை கலந்தது நம் சந்துக்கு வரும் குழாயில் மட்டும்தான். சந்தில் முப்பத்தெட்டு வீடு, இணைப்பு எண் 2,081 முதல் 2,118 வரை. நம்முடையது கடைசி. கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்றைக்கு எடுத்த சீட்டு முப்பத்தெட்டோ அதற்குக் கீழோ இருந்திருந்தால் நம் சந்தில் ஏதோ ஒரு வீட்டில் பாட்டில் நிரப்பியிருப்பார்கள். முப்பத்தொன்பதும் அதற்கு மேலும் என்றால் நம்மைத் தாண்டிப் போயிருப்பார்கள். எண்பது சீட்டுக்கும் எண்பது தாள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாற்பத்திரண்டு தாளில் ஊர் சுத்தமாக இருக்கிறது. முப்பத்தெட்டுத் தாளில் குழாயைத் தோண்டுகிறார்கள், மிளகு பள்ளிக்கூடம் போகிறாள்.

நாம் எந்தத் தாளில் இருந்தோம் என்று எனக்குத் தெரிய வேண்டும். குடிநீர் அலுவலகத்துக்கு எழுதினேன். பதிவேட்டை நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்று ஓவர்சியர் பதில் போட்டார். அந்த ஊரில் கால் வைக்க என்னால் இப்போது முடியாது. நீங்கள் ஒருநாள் போய், முதல் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

மிளகின் அம்மா


பிப்ரவரி 20

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். மில்லில் ரிப்பேர் எழுதுகிற நோட்டைத் தவிர வேறு எங்கேயும் நான் பேனா பிடித்ததில்லை. "பேரிங் தேய்ந்தது, மாற்றப்பட்டது" என்கிற மாதிரிதான் வரும். பொறுத்துக்கொள்.

காகித மில்லில் எல்லாம் பழையபடி. ராத்திரி ஷிஃப்டை விட்டுவிட்டேன். பகல் ஷிஃப்ட் கேட்டதும் ஃபோர்மேன் ஆச்சரியப்பட்டார். "ஏம்ப்பா, பதினாலு வருஷமா ராத்திரி ராஜாவா இருந்த, இப்ப என்ன ஆச்சு?" என்றார். காலையில் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றேன். உடனே மாற்றிக் கொடுத்தார். லீவு நாளிலும் பத்து மணி வாக்கில் வெளியே போய்விடுகிறேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை.

வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க வாசல் கதவைத் திறந்தே வைக்கிறேன். காற்றுக்குத்தான். ஒரு பழுப்புப் பூனை நுழைந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்க வந்தவர் விலை படியாமல் போகிற மாதிரி போகிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார். அவர் மகனுக்கு உடம்பு இப்போது முழுக்கத் தேறிவிட்டது. அன்றைக்குப் படுத்த பதினோரு பேரில் அவன்தான் கடைசியாக எழுந்தான். என்னைப் பார்த்தால் அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

நீ கேட்ட விஷயம். ஓவர்சியர் லீவில் இருக்கிறாராம். எனக்கும் இந்த மாதம் மில்லில் வேலை கழுத்தை நெரிக்கிறது. அதில்லாமல் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? விசாரணைக்கு வந்தவர்கள் யார் மேலும் தப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தத் தாள்களைச் சுவரிலிருந்து எடுத்து மடித்து வை. நேரத்துக்குச் சாப்பிடு.

மிளகின் அப்பா


மார்ச் 1

மிளகின் அப்பாவுக்கு,

கோபப்படாதே என்று எழுதியிருந்தீர்கள். கோபம்தான் வந்தது. ஓவர்சியர் எத்தனை நாள் லீவில் இருப்பார்? ஒரு எண். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினாலும் போதும்.

தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்கிறீர்கள். சொல்கிறேன். சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள், பரவாயில்லை.

அந்த முப்பத்தெட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ஏழாம் தாளில் அவள் மூன்றாம் வகுப்பு. நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பத்தொன்பதாம் தாளில் முடியைத் தானே கத்தரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள், நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுகிறீர்கள். இருபத்தாறில் அவளுக்கு என்மேல் கோபம், மூன்று நாளாகப் பேசவில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் ஒரு தாளைத் திருப்பி ஒரு வரி சேர்ப்பேன். எல்லாத் தாளிலும் அவளுக்கு எட்டு வயது ஆகிவிட்டது. போன வாரம் வருகைப் பதிவு எடுக்கும்போது நடுவில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். பின்வரிசையில் ஒரு பையன், "அப்படி யாரும் இல்லைங்க மேடம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

எண்பது தாளும் என்னை ஒரே மாதிரிப் பார்க்கின்றன. இதில் ஒன்றுதான் நடந்தது. எது என்று தெரிந்தால் மற்ற எழுபத்தொன்பதையும் கழற்றிவிடுவேன். அது நாற்பத்திரண்டில் ஒன்று என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எண் வேண்டும். இறந்தவர்களுக்கு ஒரு தேதி இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு எண் இருக்கட்டும்.

உங்களுக்கு அவளை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை. வேலை கழுத்தை நெரிக்கிறது என்று மட்டும் எழுதுகிறீர்கள்.

மிளகின் அம்மா


மார்ச் 12

மிளகின் அம்மாவுக்கு,

அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். சீட்டு எண் ஐம்பத்தொன்று.

நீ சொன்ன கணக்குப்படி சந்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். யார் மேலும் தப்பு இல்லை. இனிமேல் தாள்களைக் கழற்றிவிடு.

இங்கே இரண்டு நாளாக மழை. பூனை வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மிளகின் அப்பா


மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

ஐம்பத்தொன்று. கடிதத்தைப் பிரித்து அந்த எண்ணைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். இந்த இரண்டு வருடத்தில் ஒருவர் கொடுத்த தண்ணீரை, எங்கே பிடித்தது என்று கேட்காமல் குடித்தது அதுதான் முதல் தடவை.

மற்ற தாள்களைக் கழற்றிவிட்டேன். முப்பத்தெட்டையும் தனியாகக் கட்டி பீரோவில் வைத்தேன், கிழிக்க மனம் வரவில்லை. ஐம்பத்தொன்றாம் தாள் மட்டும் சுவரில் இருக்கிறது. அதில் இருக்கும் அறுபது வீடுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 2,051, அதற்கு அடுத்தது 2,131. இரண்டுக்கும் நடுவில் நம் சந்து. எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் இதைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் அடங்குகிறது. எண்பதில் நாற்பத்திரண்டு தடவை இப்படித்தான் ஆகியிருக்கும். காசைச் சுண்டுவதைவிட ஒரு மயிரிழை மோசம், அவ்வளவுதான். முறை சரி, அதிர்ஷ்டம்தான் சரியில்லை.

நன்றாகத் தூங்குகிறேன். வீட்டுக்காரம்மா இப்போது, "பரவால்லம்மா, பூனையிலிருந்து ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்திருக்கே" என்கிறார்.

இன்னொரு செய்தி. உங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்திலிருந்து பொறியாளர் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் நீர்ப் பரிசோதனை வைக்கிறார்களாம், என் பழைய அறிவுரைத் தாளையே பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். போன மாதம் கேட்டிருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன். உங்கள் எண் வந்த பிறகு எழுத முடிந்தது. பாட்டில்களை நூற்றிருபதாக ஆக்குங்கள், நாற்பது வீட்டுக்கு ஒன்று என்று எடுங்கள், அப்போது ஒரு சந்து தப்புவது கஷ்டம். மற்ற விதிகள் அப்படியே இருக்கட்டும் என்று பதில் போட்டேன். யாருக்கோ உபயோகமாக இருக்கிறேன் என்ற எண்ணம் ரொம்ப நாளைக்குப் பிறகு வந்தது.

விடுமுறை மே மாதம் தொடங்குகிறது. வரலாமா என்று யோசிக்கிறேன். வந்தால் நான்கு நாள் இருப்பேன். அவளுடைய அலமாரியை நீங்கள் தொடாமல் வைத்திருப்பீர்கள் என்று தெரியும். சேர்ந்து திறக்கலாம்.

உங்கள்
மிளகின் அம்மா


ஏப்ரல் 19

மிளகின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. முடிந்தால் அந்த வீட்டுக்காரம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

நேற்று எனக்கு லீவு. உடம்பு கனத்து வெளியே போகவில்லை. பத்து மணிக்கு வாசலில் ஆள் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் மரியாதைக்குத் தட்டினார். கையில் பாட்டில் கூடை. நாற்பது வயதிருக்கும், வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"தண்ணி எடுக்க வந்திருக்கேங்க. பக்கத்து வீடுதான் லிஸ்ட்ல இருக்கு. பூட்டியிருக்கு. அடுத்த நம்பர் உங்க வீடு" என்றார்.

"பூட்டியிருந்தா அடுத்த வீட்டுல எடுப்பீங்களா?"

"ஆமாங்க. தாள்லயே போட்டிருக்கு பாருங்க."

காட்டினார். உன் தாள்தான். ஐந்தாவது விதி: வீடு பூட்டியிருந்தால் பட்டியலில் அடுத்த எண்ணில் எடுத்துக்கொள்ளவும்.

"இன்னைக்கு எத்தனை வீடு பூட்டியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பன்னண்டுல நாலு. வேலைக்குப் போறவங்க வீடெல்லாம் இந்நேரத்துக்குப் பூட்டுத்தாங்க. எங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, கணக்கு சரியா வந்துடும்."

அவர் பாட்டிலை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. "பக்கத்து வீட்டம்மா ஆறு மணிக்கு வருவாங்க. அப்ப வந்து அவங்க குழாய்லயே எடுங்க. நானும் இருக்கேன்" என்றேன். அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. ஏதோ தகராறு செய்கிற ஆள் என்று நினைத்தார். உட்காரச் சொல்லி, அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். அதை இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வந்து படுத்தேன். நீ ஆபீஸ் போய்விட்டாய். மிளகுக்குப் பள்ளி விடுமுறை, தரையில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அவள்தான் போய்த் திறந்தாள். திரும்பி வந்து என் தோளைப் பிடித்து ஆட்டி, "அப்பா, பாட்டில் மாமா வந்திருக்காரு, குழாய்த் தண்ணி வேணுமாம்" என்றாள். எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐந்து நிமிட வேலை. குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வீடு பூட்டியிருக்குன்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் போய்ச் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. "வீடு பூட்டியிருக்குன்னு அப்பா சொல்லச் சொன்னாரு." திறந்த வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். அந்த ஆள் சிரித்தார். "சரி சாமி, பூட்டியிருக்குன்னே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் படுத்தபடியே சிரித்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் நீ வந்ததும் அவள் உன்னிடம் சொல்லி, நீ என்னைத் திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். அன்றைக்கு அவளுக்குப் பல் ஆட ஆரம்பித்திருந்தது. அதைத்தான் சொன்னாள்.

விசாரணை நடந்தபோது பதிவேட்டைப் பார்த்தேன். 2,118, வீடு பூட்டியிருந்தது, 2,119 எடுக்கப்பட்டது. அந்த 2,119 முக்கிய சாலையின் முதல் வீடு. அதற்குத் தண்ணீர் வேறு குழாயில் வருகிறது. சுத்தமான தண்ணீர். சீட்டு எண் முப்பத்தெட்டு.

ஐம்பத்தொன்று என்று ஏன் எழுதினேன் என்றால், அது என் மில் லாக்கர் எண். அலுவலகத்துக்கு நான் போகவே இல்லை. நீ தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பொய்யை நம்பி "மற்ற விதிகள் அப்படியே இருக்கட்டும்" என்று நீ எழுதினாய். நேற்று அது ஊரெல்லாம் போய்ப் பூட்டிய வீடுகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நேற்று ஆறு மணிக்கு அந்த மனிதர் திரும்பி வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தையல்காரம்மா வந்து கதவைத் திறந்து பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். மற்ற மூன்று வீட்டுக்கும் அவரோடு நானும் நடந்தேன். பிரியும்போது, "நாளைக்கு வர்ற வீடுங்க எப்படிங்க?" என்று கேட்டார். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குத்தான் தெரியும்.

மே மாதம் வர வேண்டியதில்லை. வந்தால் நான் வெளியே எங்காவது தங்கிக்கொள்கிறேன். அலமாரி அப்படியே இருக்கிறது.

மிளகின் அப்பா என்று கையெழுத்துப் போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு பெயரும் இல்லை.


ஜூன் 2

உங்களுக்கு,

நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. விடுமுறையும் பாதி போய்விட்டது. நான் வரவில்லை என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முதலில் ஊர் வேலை. கடிதம் வந்த அன்றே பொறியாளருக்குப் போன் செய்தேன். பூட்டியிருந்தால் மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில், ஒரு தடவையாவது சாயங்காலம் போக வேண்டும், அடுத்த எண் என்ற பேச்சே கூடாது, கடைசிவரை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும் என்று சொன்னேன். "அப்போ நாலு நாளில் முடியாதே மேடம்" என்றார். முடியாது என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த வீடுகளில் எடுத்த பாட்டில்களை விட்டுவிட்டு, பூட்டியிருந்த வீடுகளுக்கு மறுபடி போயிருக்கிறார்கள். அதில் கூலி வேலைக்காரர்கள் குடியிருக்கும் ஒரு வரிசையில் தண்ணீர் கெட்டிருந்தது. பதினாறு வீடு. குழாயை மாற்றிவிட்டார்கள். யாரும் படுக்கவில்லை. அந்த மனிதரைத் திரும்ப வரச் சொன்னீர்களே, அதனால் வந்தது இது. இதை உங்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

ஐந்தாம் விதி என்னுடையது. வீட்டில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் ஒரே மாதிரி இல்லை, ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைக்காதே என்று வகுப்பில் இரண்டாம் வாரமே சொல்கிறேன். அன்றைக்கும் தெரியும். நான்கு நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுதினேன். மூன்று தடவை போ என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டில் மாமா அன்று சாயங்காலமே வந்திருப்பார், நான் கதவைத் திறந்திருப்பேன். ஆகவே இது உங்கள் தூக்கம் மட்டும் செய்த காரியம் இல்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. அவளைப் புதைத்த அன்று என் பக்கத்தில் நின்றபோது உங்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆறு மாதம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள், தெரிந்திருந்தது. என்னைப் பைத்தியம்போலச் சுவரில் தாள் ஒட்டவிட்டீர்கள். தூங்கினதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அந்த மௌனத்தைப் பொறுக்க முடியவில்லை. இனிமேல் ஒரே கூரைக்குக் கீழே உங்களோடு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பீரோவிலிருந்து அந்தக் கட்டை எடுத்தேன். நடந்தது முப்பத்தெட்டாம் தாள். அவள் பள்ளிக்கூடம் போகிற தாள்களில் ஒன்று. நாம் நல்ல தாளில்தான் இருந்திருக்கிறோம். இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் இத்தனை நாளில் நூறு தடவையாவது படித்திருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

அவள் போன பிறகு அவளைப் பற்றிப் புதிதாக எதுவும் எனக்கு வந்ததில்லை. இருந்த நினைவுகளையே எடுத்து எடுத்துப் பார்த்து அவையும் தேய்ந்துவிட்டன. தாள்களுக்குப் பின்னால் நான் எழுதியதெல்லாம் நான் எழுதியது, அவள் சொன்னதில்லை. இப்போது, இவ்வளவு நாள் கழித்து, நான் கேட்காத ஒரு வார்த்தையை அவள் பேசியிருக்கிறாள். "வீடு பூட்டியிருக்குன்னு அப்பா சொல்லச் சொன்னாரு." அவளேதான். நான் எத்தனை தாள் எழுதினாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

படுக்கையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். நீங்கள் பார்த்தீர்களா? அதைச் சொன்னபோது அவள் குரல் எப்படி இருந்தது, பாடம் ஒப்பிக்கிற மாதிரியா, சிரிப்பை அடக்கிக்கொண்டா? எந்தச் சட்டை போட்டிருந்தாள்? அந்த ஆள் சிரித்ததும் அவளும் சிரித்தாளா, அல்லது ஏன் சிரிக்கிறார் என்று புரியாமல் நின்றாளா? கதவைச் சாத்திவிட்டு உங்களிடம் வந்து ஏதாவது சொன்னாளா? தரையில் என்ன படம் போட்டுக்கொண்டிருந்தாள்?

மற்றதற்கெல்லாம் பதில் வேண்டாம். இதற்கு எழுதுங்கள். ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதுங்கள், இல்லாததை எனக்காகச் சேர்க்காதீர்கள். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள், அதையும் படிப்பேன்.

மிளகின் அம்மா